அக்காவின் வாயை அச்செடுத்த அத்தான்

எனக்கு எழுதிப் பழக்கம் கிடையாது. படிப்பு நாலாம் வகுப்போடு சரி. காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் யாராவது எட்டிப் பார்த்துவிடுவார்களோ என்று இந்த வயதிலும் கூச்சமாக இருக்கிறது. முன்னால் சொல்லவேண்டியதைப் பின்னால் சொல்லிவிடுவேன், பாதி மறந்தும் போயிற்று. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். அத்தானின் பேரன் ஒரு நினைவு மலர் போடுகிறானாம். நம் பக்கத்திலிருந்து பல் வைத்தியம் படிக்கக் கல்கத்தாவுக்கும், பிறகு ஆராய்ச்சிக்கென்று சீமைக்கும் போன முதல் ஆட்களில் அவர் ஒருவர் என்று பெருமையாகச் சொன்னான். "ஆச்சி, அந்தக் காலத்துல அவர நேருல பாத்த ஆளு நீங்க ஒருத்திதான் மிச்சம். நாலு வரி எழுதித் தாங்கோ" என்றான். நல்ல பையன். நல்ல வார்த்தைதான் எதிர்பார்த்திருப்பான்.

அத்தானை நினைத்தால் எனக்கு முதலில் கண்ணில் வந்து நிற்பது அவர் கை கழுவியதுதான். எங்கள் வீட்டுக் கிணற்றடியில், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து, ஆஸ்பத்திரி வாடை அடிக்கும் ஒரு சிவப்புச் சோப்பைப் போட்டு விரல் விரலாகத் தேய்த்தார். நகக்கண்ணை ஒரு சின்னப் புருசு கொண்டு நோண்டினார். நான் செம்பில் தண்ணீர் கோரி ஊற்றிக்கொண்டிருந்தேன். "இன்னும் ஊத்துட்டி. இன்னும்" என்றார். முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டார். சாக்கடையில் விழுந்த சாமானை எடுத்தவன் கழுவுவது போல இருந்தது. அந்தக் கை சற்று முன்புதான் என் அக்காவின் வாய்க்குள் இருந்து வெளியே வந்திருந்தது. சோப்பு நுரை வாழை அடிக்கு ஓடுவதைப் பார்த்துக்கொண்டே ஊற்றினேன். இன்றைக்கும் அந்தச் சோப்பு வாடை எங்கிருந்தாவது வந்தால் மூக்கைப் பொத்திக்கொள்வேன்.

அத்தான் என்றால் என் அம்மாவின் அண்ணன் மகன். மாமாவுக்கு வடசேரிச் சந்தையில் பெரிய கடை. எங்களுக்கு வயல்தான். வடசேரியிலிருந்து இராஜாக்கமங்கலம் போகிற வழியில், சுற்றிலும் நெல் நிற்கிற ஊர். அக்கா எனக்கு நிறைய மூத்தவள். அவளுக்கு அத்தான் முறை மாப்பிள்ளை. அவர் சிறு பிள்ளையாக இருந்தபோதே அவருக்கு இவள் என்று இரண்டு வீட்டிலும் பேச்சு உண்டு. பேச்சுதான். தட்டு மாற்றவில்லை, நாள் குறிக்கவில்லை. கல்கத்தாவில் பல்லுக்கென்றே ஒரு கல்லூரி இருக்கிறது, அங்கே படிக்கப் போகிறார் என்றதும் ஊரில் எல்லாரும் சிரித்தார்கள். பல் பிடுங்க ஒரு படிப்பா என்றார்கள். என் அப்பா மட்டும் சிரிக்கவில்லை. தன் மகளுக்கு மாப்பிள்ளை வெள்ளைக்காரப் படிப்புப் படிக்கிறான் என்று போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

ஒரு கோடை விடுமுறைக்கு அத்தான் ஒரு தகரப் பெட்டியோடு வந்தார். அன்றைக்குத்தான் 'ரிசர்ச்' என்ற வார்த்தையை நாங்கள் முதன்முதலாகக் கேட்டோம். அவருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த துரை ஒருவர், புழுங்கலரிசிச் சோறு தின்று உமிக்கரியால் பல் தேய்க்கிற ஜனங்களுக்குப் பல் ஏன் சொத்தை விழுவதில்லை என்று ஆராய்கிறாராம். அப்படிப்பட்டவர்களின் வாயை அச்செடுத்துக் கொண்டுவந்தால் அத்தானைச் சீமைக்குக் கூட்டிப்போய்த் தன்னோடு வைத்துக்கொள்வதாகச் சொன்னாராம். முதலில் நடவுக்கு வந்த பெண்களைப் புன்னை மர நிழலில் வரிசையாக உட்காரவைத்து அச்செடுத்தார். அவர்கள் சிரித்து மாளவில்லை. "எங்க வாயில என்னய்யா, பொதையலா இருக்கு?" என்றாள் ஒருத்தி. "இளி" என்று மட்டும் சொல்வார் அத்தான். மாட்டுக்காரன் மாட்டிடம் பேசுவது போல ஒற்றை வார்த்தை. இளி. தொற. அசையாத. துப்பு.

பிறகுதான் அக்காவைக் கேட்டார். முப்பத்திரண்டு பல்லும் சொத்தையில்லாத, வயதுக்கு வந்த பெண் ஒருத்தி வேண்டுமாம். இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் எச்சில் பார்ப்பது ரொம்பக் கடுமை. செம்பில் வாய் வைத்துக் குடித்தால் அடி விழும். பெற்ற தாய்கூடக் கடித்த பழத்தைப் பிள்ளைக்குக் கொடுக்கமாட்டாள். ஒருவர் எச்சில் இன்னொருவருக்கு ஆகும் என்றால் அது புருஷன் பெண்டாட்டிக்குள் மட்டும்தான். புருஷன் சாப்பிட்ட இலையில் பெண்டாட்டி சாப்பிடுவாள். அப்படிப்பட்ட வீட்டில் ஒரு ஆண்பிள்ளை, கல்யாணமாகாத பெண்ணின் வாய்க்குள் கை விடுவதென்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான் உண்டு. அப்பா அப்படித்தான் எடுத்துக்கொண்டார். கேட்டதும் முகம் மலர்ந்துபோயிற்று. "நம்ம பிள்ளதானே. அவன் கை பட்டா என்ன, இன்னைக்கு இல்லேன்னா நாளைக்கு" என்று அம்மாவிடம் சொன்னார். அத்தானிடம் வாய்விட்டு ஒன்றும் கேட்கவில்லை. கேட்கிற விஷயம் என்று அவருக்குத் தோன்றவில்லை.

அக்காவைக் குளிக்கச் சொல்லி, தலை பின்னி, பிச்சிப்பூ வைத்து, நல்ல சேலை உடுத்தி முற்றத்தில் உட்காரவைத்தார்கள். பெண் பார்க்க வந்தது போலத்தான் இருந்தது. வெந்நீரில் போட்டு இளக்கிய தவிட்டு நிறத்து மெழுகு போன்ற ஒரு பொருளை லாடம் மாதிரி ஒரு தட்டில் அப்பி, அதை அவள் வாய்க்குள் அழுத்தினார். சூடு தாங்காமல் அவளுக்குக் கண்ணீர் வந்தது. ஓங்கரித்தாள். எச்சில் கோழையாகத் தாடையில் வழிந்து சேலையில் சொட்டியது. "அசையாத" என்றார். பிறகு கரண்டிக் காம்பை வளைத்தது போன்ற இரண்டு கொக்கிகளால் உதட்டை இரண்டு பக்கமும் இழுத்துப் பிடிக்கச் சொல்லி, வெயிலில் திருப்பி உட்காரவைத்துப் படமும் பிடித்தார். கொக்கியைப் பிடித்தது என் அம்மா. ஏதோ தாரை வார்க்கிறபோது நிற்பது போலப் பக்தியாக நின்றாள். அதன்பிறகுதான் நான் சொன்ன கை கழுவல்.

அன்று சாயங்காலம் அச்சுகளில் வெள்ளைச் சாந்து ஊற்றி, காய்ந்ததும் எடுத்து, எங்கள் நெல் பத்தாயத்தின் மேல் வரிசையாக வைத்தார். முகமில்லாத, நாக்கில்லாத, வெறும் வாய்கள். எறும்பு ஊர்ந்துகொண்டிருந்தது. எல்லாவற்றிலும் ஒவ்வொரு எண் எழுதியிருந்தார். "பேரு எழுதலியா மக்கா?" என்று அம்மா கேட்டாள். "பேரு எதுக்கு அத்தை. பேருக்கு அங்க வேல இல்ல" என்றார். அம்மாவுக்கு அது புரியவில்லை. அவர் குளிக்கப் போன நேரத்தில் அக்காவின் வாயை மட்டும் தனியாக எடுத்து, அதன் மேல்வரிசைப் பல்லில் ஒரு துளி குங்குமம் வைத்தாள். அக்காவுக்கு இடப்பக்கம் ஒரு தெத்துப்பல் உண்டு. அதனால்தான் இது அவள் வாய் என்று தெரிந்தது. அத்தான் வந்து பார்த்துவிட்டுச் 'சே' என்று ஒரு பேனாக்கத்தியை எடுத்துக் குங்குமத்தைச் சுரண்டித் தட்டினார். சாந்தில் லேசாக ஒரு சிவப்பு நின்றுவிட்டது. அதையும் எச்சில் தொட்டுத் துடைத்தார். தன் எச்சில் மட்டும் அவருக்கு அருவருப்பில்லை.

அவர் சீமைக்குப் போய்விட்டார். பிறகு அக்காவைக் கேட்டு வந்தவர்களையெல்லாம் அப்பா திருப்பி அனுப்பினார். "அது முடிஞ்ச காரியம்லா" என்பார். வடசேரி மாமாவிடம் நாள் கேட்டால் "அவன் வரட்டும், பாப்பம்" என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பைச் சம்மதம் என்று அப்பா எடுத்துக்கொண்டார். கிணற்றடியில் பெண்கள் அக்காவைக் கேலி செய்வார்கள். "ஏட்டி, ஒன் மாப்பிள்ள பல்ல எண்ணிட்டுல்லா போயிருக்கான். ஒண்ணு கொறஞ்சா வந்து கேப்பான், பாத்துக்கோ." அக்கா வாய்விட்டுச் சிரிப்பாள். அவள் சிரித்தால் தெத்துப்பல் உதட்டில் ஏறி நிற்கும். கரும்பு கடிப்பதை விட்டுவிட்டாள். முறுக்கை நனைத்துத் தின்றாள். ஒரு பல்லுக்கும் கேடு வரக்கூடாது என்று காத்துக்கொண்டிருந்தாள். வருஷங்கள் அப்படிப் போயின. அவளோடு ஒத்தவர்களெல்லாம் இடுப்பில் பிள்ளையோடு அம்மா வீட்டுக்கு வந்து போனார்கள்.

ஒருநாள் அத்தான் திரும்பி வந்தார். கோட்டு போட்டிருந்தார். நாகர்கோவிலில் ஒரு பள்ளிக்கூட ஹாலில், விளக்கு வைக்கிற நேரத்தில், சுவரில் ஒரு வெள்ளை வேட்டியை விரித்துக் கட்டி அதில் படம் காட்டித் தன் ஆராய்ச்சியைப் பற்றிப் பேசப்போகிறார் என்று சொல்லி அனுப்பினார் மாமா. நாங்கள் வில்வண்டி கட்டிப் போனோம். கூட்டம் முடிந்ததும் மாமாவிடம் நாளைப் பேசி முடித்துவிட வேண்டும் என்று அப்பா ஒரு தட்டு நிறையப் பழம் வாங்கி மடியில் வைத்துக்கொண்டிருந்தார். அக்கா பட்டு உடுத்தியிருந்தாள்.

முதலில் வெள்ளைக்காரர்களின் சொத்தைப் பற்களைக் காட்டினார். பிறகு நம் ஊர் என்றார். வேட்டி முழுக்க ஒரு வாய் வந்தது. இரண்டு பக்கமும் கொக்கியால் இழுபட்ட உதடு, ஈறு, மின்னுகிற எச்சில். ஓர் ஆள் உயரத்துக்கு. கண் இல்லை, நெற்றி இல்லை. அத்தான் ஒரு நீளக் குச்சியை எடுத்து அந்த வாய்க்குள் குத்திக் குத்திக் காட்டினார். இது கிராமத்துப் பெண், பல்துலக்கும் புருசைக் கண்ணால் கண்டதில்லை, ஆனாலும் சொத்தை இல்லை, தாடை மட்டும் குறுகல், அதனால்தான் இந்தப் பல் இப்படிக் கோணிக்கொண்டு வெளியே நிற்கிறது என்று தமிழிலும் இங்கிலீஷிலும் சொன்னார். கடைசியில் ஒரு இங்கிலீஷ் வார்த்தை சொன்னார், முன்வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குப் பின்னால் ஒருவர், "சந்தையில மாட்டுக்குப் பல்லு பாக்கது மாரில்லா இருக்கு" என்றார். அவர் பக்கத்தில் ஒரு பெண் குரல், "அந்தத் தெத்துப்பல்லப் பாத்தியளா. இது நம்ம பண்ணையார் வீட்டு மூத்தவளுல்லா?" என்றது. தலைகள் எங்கள் பக்கம் திரும்பின. அக்கா முந்தானையை இழுத்து வாயை மூடிக்கொண்டாள். அப்பா அம்மாவின் பக்கம் குனிந்து, "பாத்தியா, நம்ம பிள்ள படத்தத்தான் எல்லாத்தையும் விடப் பெருசாப் போட்டிருக்கான்" என்று பெருமையாகச் சொன்னது என் காதில் விழுந்தது. எனக்கு யார் மேல் கூடுதல் அருவருப்பு வந்தது என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. கூட்டம் முடிந்ததும் மாமா பெரிய மனுஷர்களோடு காரில் போய்விட்டார். பழத்தட்டு எங்களோடே திரும்பி வந்தது.

மறுநாள் காலையில் அத்தான் தகரப் பெட்டியோடு எங்கள் வீட்டுக்கே வந்தார். நாள் குறிக்க வந்திருக்கிறார் என்று அம்மா பாயாசத்துக்கு அடுப்பு மூட்டினாள். வந்த காரியம் வேறு. முன்பு அச்செடுத்த அதே வாய்களைத் திரும்பவும் அச்செடுத்து, இத்தனை வருஷத்தில் என்ன மாறியிருக்கிறது என்று ஒத்துப் பார்க்க வேண்டுமாம். அது முடிந்தால் மறுபடியும் சீமையில் அவருக்கு நல்ல வேலை காத்திருக்கிறதாம். நடவுப் பெண்கள் எல்லாரும் கொடுத்துவிட்டார்களாம். பாக்கி அக்காதான்.

அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, "அது ஆகட்டும் மக்கா. அதுக்கு முன்ன நாளப் பத்திப் பேசிருவோம். நீ அன்னைக்கே அவ எச்சிலத் தொட்டாச்சு. இனி வேற எடத்துக்கு நாங்க எப்பிடிக் குடுப்போம்" என்றார்.

அத்தானுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரித்தார். கெட்ட சிரிப்பு என்றுகூடச் சொல்லமுடியாது. உண்மையாகவே வேடிக்கை கண்டவர் போலச் சிரித்தார். "ஒங்களுக்கு என்ன மாமா இப்பிடி ஒரு புத்தி. நான் வாயில கை விட்டவளையெல்லாம் கலியாணம் கெட்டணும்னா ஊருல பாதிப் பொம்பளையள நான் கெட்டணும். இது ரிசர்ச்சுல்லா" என்றார். திருவனந்தபுரத்தில் ஒரு டாக்டர் வீட்டில் தனக்குப் பெண் பேசி முடிந்துவிட்டது என்பதையும் அந்த மூச்சிலேயே சொன்னார்.

அக்கா கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். நான் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்பா அடிப்பார், பெட்டியைத் தூக்கி வெளியே எறிவார் என்று நினைத்தேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "செரி, வந்த காரியத்தப் பாரு. படிச்ச பிள்ள, ஒன் வேல எதுக்கு நிக்கணும். ஏட்டி, வந்து இரி" என்றார். பெரிய இடத்துப் பகை வேண்டாம் என்று நினைத்தாரோ, அச்செடுக்கும்போது மனசு மாறும் என்று நினைத்தாரோ தெரியாது. என் ஆயுசில் நான் கேட்ட வார்த்தைகளில் அந்த 'வந்து இரி' போல எனக்குக் குமட்டின வார்த்தை வேறில்லை.

அக்கா உள்ளே போனாள். அப்பாவின் வெற்றிலைப் பெட்டி திறக்கிற சத்தம் கேட்டது. எங்கள் பக்கத்தில் கல்யாணமாகாத பெண் வெற்றிலை தொடமாட்டாள். தாலி ஏறின அன்றைக்குத்தான் அவளுக்கு முதல் வெற்றிலை. அக்கா வாய் நிறைய மென்றுகொண்டு, கன்னம் புடைக்க, சுண்ணாம்பு விரலோடு வெளியே வந்து அத்தானுக்கு எதிரில் நாற்காலியில் தானாகவே உட்கார்ந்தாள். அம்மா நெஞ்சில் கையை வைத்தாள். "பாவி, என்னட்டி செய்யே" என்றாள்.

"துப்பிட்டு, வாயக் கொப்புளிச்சிட்டு வா" என்றார் அத்தான்.

அக்கா நிதானமாக மென்றாள். பிறகு, "எடுங்கோ அத்தான். இனிமே வாயி இதுதான்" என்றாள். பல்லெல்லாம் சிவந்து கிடந்தது.

"வெளையாடாத. முந்தின அச்சோட ஒத்துப் பாக்கணும். ஒருத்தி வாயால எனக்க வேல முழுசும் கெட்டுப்போகும்."

"முந்தின வாயி ஒங்ககிட்டத்தானே இருக்கு. என்ன வேணும்னாலும் அதுகிட்டக் கேளுங்கோ" என்று சொல்லிவிட்டு, எழுந்து முற்றத்து ஓரமாகப் போய்ச் சிவக்கத் துப்பினாள்.

அவர் பெட்டியை மூடிக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வரவில்லை. ஒரு வாய் குறைந்ததால் அவருடைய ஆராய்ச்சி ஒன்றும் நின்றுவிடவில்லை. சீமைக்குப் போனார், பெரிய ஆளானார், பெயர் வாங்கினார். அதை நான் மறைக்கவில்லை. நடவுப் பெண்களின் பெயரோ என் அக்காவின் பெயரோ அவர் எழுதினதில் எங்கும் இல்லை என்று பேரனே சொன்னான்.

அக்காவைக் கேட்டு அதன்பிறகு யாரும் வரவில்லை. கல்யாணமாகாமல் வெற்றிலை போட்டவள் என்று ஊர் பேசிற்று. அப்பா சாகிறவரை அவளைத்தான் குற்றம் சொன்னார், அத்தானை ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவள் வயலைப் பார்த்துக்கொண்டு, என்னோடும் என் பிள்ளைகளோடும் இருந்து காலத்தைக் கழித்தாள். குறை என்று ஒன்றும் சொன்னதில்லை. ஆனால் அந்த ஹாலுக்குப் போய்வந்த நாளிலிருந்து அவள் வாய்விட்டுச் சிரித்து நான் பார்க்கவில்லை. சிரிப்பு வந்தால் முந்தானை மேலே ஏறிவிடும். கடைசியில் காய்ச்சலாகக் கிடந்தபோது டாக்டர் வந்து, நாக்கைப் பார்க்க வேண்டும், வாயைத் திறங்கள் என்றார். நினைவு தப்பிக்கொண்டிருந்த அந்த நிலையிலும் பல்லைக் கடித்துக்கொண்டு தலையை ஆட்டினாள். திறக்கவே இல்லை.

போன வருஷம் பல் கல்லூரிப் பிள்ளைகள் எங்கள் தெருவுக்கு வந்தார்கள். வெள்ளைக் கோட்டு, கையில் உறை. வயதானவர்களின் பல்லைப் பற்றி ஏதோ ஆராய்ச்சியாம். ஒரு பெண்பிள்ளை என் பக்கத்தில் குந்தி, "பாட்டி, பாக்கலாமா?" என்று கேட்டாள். நான் வேண்டாம் என்றேன். "சரி பாட்டி. வேண்டாம்னா வேண்டாம்" என்று சொல்லி ஒரு புருசும் பற்பசையும் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். அப்படி ஒரு வார்த்தை இருக்கிறது என்பதே அந்தக் காலத்தில் எங்கள் முற்றத்தில் நின்ற ஒருவருக்கும் தெரியாமல் போயிற்றே என்று இருந்தது.

மலர் போடுகிறவர்களுக்கு: வருஷம் நான் போடவில்லை, போட்டால் தப்பாகிவிடும். அந்த மெழுகுக்கு என்ன பெயர், துரை எந்த ஊர்க்காரர், அத்தான் எத்தனை தடவை சீமைக்குப் போனார் என்பதெல்லாம் தெரிந்தவர்களைக் கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்றையும் யாராவது பார்த்துச் சொன்னால் புண்ணியமாகப் போகும். இப்போது நம் ஊர்ப் பல் படிக்கிற பிள்ளைகள் நிறையப் பேர் அங்கே போய்வருகிறார்கள் என்கிறார்கள். அவர் கொண்டுபோன வாய்கள் அங்கே ஏதாவது அலமாரியில் இன்னும் இருக்கலாம். போகிறவர்கள் தேடிப் பார்க்கட்டும். மேல்வரிசையில், இடப்பக்கம், ஒரு பல் முன்னால் ஏறி நிற்கும். எண்தான் எழுதியிருக்கும், பெயர் இருக்காது. அது என் அக்கா.